கோமதி அக்கா மறக்காத ராணிகள்

பிரிக்பீல்ட்ஸ், 1943

அன்பு சுலைகாவுக்கு ஸலாம்.

உன் முழங்கால் வலி தணிந்ததா? நம் மகள் மரியம் ஒழுங்காக ஓதுகிறாளா? நான் மரவள்ளிக்கிழங்கு தின்றே தொப்பை வைத்துவிட்டேன், கவலைப்படாதே.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கார கோமதி அக்கா சீட்டாடினார். நான் சீட்டைத் தொடவில்லை, வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். பந்தயம் ஒரு கிண்ணம் சீனி. இந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு சீட்டுதான் மறைவு. மற்றதெல்லாம் எல்லாரும் பார்க்கத் திறந்து கிடக்கும். விலகுகிறவர் தன் சீட்டுகளைக் கவிழ்த்துவிடுவார். பிறகு ஆட்டம் முடியும்வரை புரட்டக் கூடாது.

தையல்கார மாணிக்கத்தின் முன்னால் இரண்டு ராணி. மூன்றாவதும் மறைவில் இருப்பதுபோல் மீசையைத் தடவினார். பயந்துபோய் எல்லாரும் விலகினார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

"மீதி ரெண்டு ராணியும் ஆரம்பத்துலயே கவுந்துருச்சு. யாருக்கு அண்ணே பூச்சாண்டி காட்டுறீங்க?" என்று தன் இரண்டு ராஜாக்களைக் காட்டினார். பிறகு யார் எந்தத் திறந்த சீட்டுகளைக் கவிழ்த்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். புரட்டிப் பார்த்தார்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை. என்ன தலை அது!

"எப்படிக்கா?" என்றேன்.

"கண்ணு முன்னால இருக்கறப்பவே நல்லா பாத்துக்கணும் லா. கவுந்தப்புறம் என்னத்தப் பாக்குறது?"

நானும் கண்ணை மூடி நம் பினாங்கு வீட்டை நினைத்துப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் வந்தது.

சோப்பு கிடைத்தால் ஒரு துண்டு அனுப்பு. தபாலுக்கு நேரமாகிவிட்டது. கோபப்படாமல் இதை மட்டும் உடனே எழுது: உன் கன்னத்து மச்சம் இடப்பக்கமா, வலப்பக்கமா?

ஜெய்னுதீன்