கணக்கில் விழாத நிலம்

மார்ச் 3
ரொட்டி தீய்ந்துவிட்டது. நாத்தனார் துர்சுனாய் வந்து உட்கார்ந்து ஆப்பிள் தோட்டத்தைப் பற்றியே பேசினால் அடுப்பை யார் பார்ப்பது? ஐம்பது சோத்கா, அதாவது அரை ஹெக்டேர், நிலம் இருந்தால் அரசாங்கம் கன்றும் தண்ணீர்க் குழாயும் சும்மா தருகிறது. கிடைத்துவிட்டால் அவள் கணவர் மமசாலி இந்த வருடம் கூலி வேலைக்கு மாஸ்கோ போக வேண்டாம். பழைய பத்திரத்தில் ஐம்பத்திரண்டு இருக்கிறது. ஆனால் புதிதாக அளந்து தர வேண்டுமாம். அளப்பது எங்கள் அலுவலகம். அதாவது நான்.

"நீ அளக்குறப்ப எனக்கென்னடி கவல?" என்றாள்.

மார்ச் 6
அளந்தேன். ஆட்டுக் காது மாதிரி நிலம். ஒரு பக்கம் ஓடையோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. முக்கோணங்களாக வெட்டிக் கூட்டினேன். நாற்பத்தெட்டு.

மார்ச் 7
மறுபடியும் நாற்பத்தெட்டு.

மார்ச் 9
புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் இரண்டு கால் மரக்கோலை மாற்றி மாற்றி ஊன்றிச் சரிவின் மேலேயே நடந்து அளந்திருக்கிறார்கள். எங்கள் கருவியோ மலையை மேலிருந்து பார்ப்பது போலத் தட்டையாக்கிக் கணக்குப் போடுகிறது; தட்டையாக்கினால் சரிவின் பரப்பு குறையும். அவர்களும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்ல?

சொன்னேன்.

"தெனமும் ஏறி எறங்குற எங்காலுக்குத் தெரியாதா? நாலு சோத்காவ எங்கடி கொண்டு வச்ச?"

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 12
ஐம்பது வரட்டும் என்று ஓடைக்கரையையும் சேர்த்து வரைந்துகொண்டு மேலதிகாரி எர்கேபாயிடம் போனேன். சிரித்தார். "ஓட ஊருக்குச் சொந்தம்மா. நாத்தனாருக்கு வேணும்னா மலைய இஸ்திரி போட்டு விரிச்சாத்தான் உண்டு."

கோபம் வந்தது. ஆனால் யார்மேல்? சட்டம் அவர் சொன்னதுதான். நாற்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னால் வேறென்ன செய்ய முடியும்?

மார்ச் 20
மமசாலி மாஸ்கோ போய்விட்டார். பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். துர்சுனாய் என் பக்கமே திரும்பவில்லை.

ஏப்ரல் 8
துர்சுனாய் பார்லி விதைக்கிறாள். கூப்பிடாமலே உதவிக்குப் போனேன். விரட்டவில்லை, பையை என் கையில் கொடுத்தாள். அரசு விதைக் கிடங்கில் புதுப் பத்திரத்தைப் பார்த்து நாற்பத்தெட்டுக்கு உள்ள விதையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கீழிருந்து தூவிக்கொண்டே ஏறினோம். உச்சிக்குப் போவதற்குள் பை காலி. மேல் ஓரத்தில் ஒரு பட்டை, உழுதது உழுதபடி வெறுமனே கிடந்தது.

"இந்தா இருக்கு பாரு, ஒன்னோட நாலு சோத்கா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பையை உதறி மடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினேன்.