அண்ணா வண்டிக்குக் கிளட்ச் மாற்றிய வாரம்

அண்ணா,

நேற்று கூரத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது பஸ் நெரிசலில் மாட்டி, நின்று நின்று நகர்ந்தது. அப்போது அந்த வாசனை வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, "எங்கியோ ஒயரு கருகுது பாருமா" என்று எழுந்தே விட்டாள். "ஒயர் இல்லம்மா, கிளட்ச்" என்றேன். பட்டுப் புடவை கட்டிய பொம்பளைக்கு இது எப்படித் தெரியும் என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தும் அந்த வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

அம்மா போனப்புறம் பெரிய காஞ்சிபுரத்து வீட்டில் நாம் ரெண்டு பேர்தான். எனக்குக் கூலித் தறி, உனக்கு அந்தப் பழைய அம்பாசிடர். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களைக் கோயிலுக்கும் கடைக்குமாகக் கூட்டிப் போவே. அந்த வருஷம் சைலன்சர் ஓட்டையாகி, நீ தெருமுனை திரும்புகிற சத்தத்திலேயே நான் தட்டை எடுத்து வைத்துவிடுவேன். கிளட்சும் போச்சு. எவ்வளவு மிதித்தாலும் வண்டி கத்துமே தவிர நகராது. வண்டி ஓடலாம் என்று ஆபீசில் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

இங்கே கடையில் புதுசு விலை கேட்டுவிட்டு வந்து திண்டாடிப்போய் உட்கார்ந்தே. "எஃப்.சி. ஆவலன்னா வண்டிய காயலாங்கடைக்குப் போட்டுட்டு மெட்ராஸ் போயிடறேன் பாப்பா. ஒரு வீட்ல டிரைவர் வேல இருக்குது. அங்கியே ரூம் குடுக்கறாங்களாம்."

நீ போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கும் தறிக்கும் என்ன பேச்சு இருக்கும்? "மெட்ராஸ் புதுப்பேட்டைல பழசு கிடைக்குமாமே, போய்ப் பாக்கலாமா?" என்றேன். "எனக்குப் பேரம் பேச வாய் வராது. நீ வர்றியா?" என்றே. எனக்கும் தறியில் ஏற்றிய பாவு நூல் முடிந்து, அடுத்த பாவு வராமல் தறி சும்மாதான் இருந்தது.

கழற்றிய கிளட்ச் பிளேட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டோம். சைலன்சரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. நான் கழிவுப் பாவு நூலை எடுத்து, குழாய் வளைகிற இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டு அளவு எடுத்தேன். புதுப்பேட்டைக் கடைக்காரர் அந்த நூலைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, சைலன்சருக்குப் புடவை கட்டப் போறியா?" என்றார்.

"கட்டுவேன். நீ முதல்ல ஓட்டை இல்லாததா ஒண்ணு காட்டு."

நீ எனக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தே. துருப்பிடித்த குழாய்க் குவியலில் நூலை வைத்து வைத்துப் பார்த்தோம். வெயில் உச்சிக்கு வந்தப்புறம்தான் ஒன்று பொருந்தியது. நான் விலையைப் பாதியில் ஆரம்பித்தேன். கடைசியில் அவர், "யப்பா, தங்கச்சியக் கூட்டிக்கினு போபா, கடையே காலியாயிடும்" என்று கொடுத்துவிட்டார். அதையும் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களே என்று அப்போதுதான் உறைத்தது. காஞ்சிபுரம் வருகிற ஒரு லாரியில் போட்டுவிட அவரே ஆள் பிடித்தார்.

கிளட்ச் பிளேட்டுதான் கிடைக்கவில்லை. காட்டியதெல்லாம் நம்முடையதைவிடத் தேய்ந்தது. நீ சோர்ந்துபோய், "மெட்ராஸ்தான்னு எழுதியிருக்குது, விடு பாப்பா" என்றே. அந்த நேரம் சந்தில் ஒரு பெரியவர் நம் பையை எட்டிப் பார்த்து, "தகடு நல்லாத்தான் இருக்குது, மேல லைனிங்தான் போயிருக்குது. புதுசு வச்சு ஆணி அடிச்சா ஓடும்" என்றார். அவர் அடித்து முடிக்கிற வரைக்கும் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சோற்றை அங்கேயே சாப்பிட்டோம். மெட்ராஸ் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

எஃப்.சி.க்கு முந்தின நாள் மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, முசரவாக்கத்தில் நின்றுபோன லாரியைப் பார்க்க ஓடிவிட்டார். கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற வேலை மட்டும் மிச்சம். ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே படுத்துத் திறந்து மூட வேண்டும். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீ வண்டிக்கு அடியில் போனே.

"அமுக்கு" என்றே. இடது காலால் அமுக்கினேன். உடனே வலது கால் தானாகப் பிரேக்கை அமுக்கியது, இடது கால் மேலே வந்துவிட்டது. வெளியே போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே போனது. மறுபடி சொன்னே, மறுபடி அதே கதை. ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும், மிதிப்பலகையில் பழகின கால் அது.

"பாப்பா, உன் கால் தறியிலியே இருக்குது! வண்டிக்கு வா!"

"இன்னாணா பண்றது, அது பாட்டுக்கு எழுந்துக்குது."

"ஒரு காலைச் சுருட்டி மேல வச்சிக்கோ. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் இன்னொண்ண எடுக்காத."

வலது காலைச் சீட்டில் மடித்துக்கொண்டு இடது காலால் அமுக்கிப் பிடித்தேன். தொடை நடுங்கியது. எடுத்தால் நீ மெட்ராஸ் போயிடுவே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். கீழேயிருந்து "விடு" வந்தது. அமுக்கு, விடு. அமுக்கு, விடு. கடைசியில் பெடல் கெட்டியானது.

மறுநாள் ஆபீசர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து நீ கை கழுவினே. "சோத்த சீக்கிரம் போடு, சாயங்காலம் சவாரி இருக்குது" என்றே. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் எத்தனை வருஷம் இருந்தே. பெடல் தளரும்போதெல்லாம், மெக்கானிக் பக்கத்திலேயே நின்றாலும், "பாப்பா, காலைக் கொஞ்சம் கடன் குடு" என்று என்னைத்தான் கூப்பிடுவே. போன மார்கழிக் காய்ச்சலில் நீ போயிட்டே. வண்டியை மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார்.

நெய்துகொண்டிருக்கும்போது சில சமயம் என் இடது கால் கீழே போய் அப்படியே நின்றுவிடுகிறது. ஊடு நூல் ஓட்டுகிற நாடா கையிலேயே இருக்கும். பக்கத்து வீட்டுத் தறிக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தூக்கமா?" என்பாள். கீழே தறிக் குழியில் என் காலைத் தவிர ஒன்றும் இல்லையென்று எனக்குத் தெரியும், அண்ணா. ஆனாலும் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, அப்புறம்தான் காலை எடுக்கிறேன்.