மின்னலுக்குள் நாற்காலி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் என் ஸ்டுடியோவுக்கு ஒரு கைக்குழந்தை வந்தது, பாஸ்போர்ட் படத்துக்கு. கடைசிவரை கண்ணையே திறக்கவில்லை. அந்த அலுப்போடு சாப்பிட உட்கார்ந்தால் இவர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார். வியாபாரிகள் சங்கப் பொருட்காட்சியில் இவர் செய்த டெஸ்லா காயிலை, அந்தச் செயற்கை மின்னல் மெஷினை, ஓட்டிக் காட்டப்போகிறாராம். அது எனக்குத் தெரிந்ததுதான். மாதக்கணக்காக ஒர்க்‌ஷாப்பில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே. எனக்குத் தெரியாத பாக்கி என்னவென்றால், மின்பொறி ஆளுயரத்துக்குப் பாயும்போது இவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படிப்பாராம். விஞ்ஞானி டெஸ்லா அந்தப் பழைய போட்டோவில் மின்பொறிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"சுவிட்சை நீதான் போடணும். உன்னைத் தவிர யாரை நம்பறது?"

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது இவர் தொழில். அந்த மாதிரி மோட்டாரை உருவாக்கியவர் டெஸ்லா. அது உண்மை, அவர் தயவில்தான் நம் வீட்டில் அடுப்பெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் அதோடு விடுகிறாரா? "வாத்தியார்" என்றுதான் சொல்வார், பெயர்கூடச் சொல்வதில்லை. வாத்தியார் ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம்தான் தூங்குவார். வாத்தியார் உலகத்துக்கே இலவசமாகக் கரண்ட் கொடுக்கப் பார்த்தார், பாவிகள் கெடுத்துவிட்டார்கள். வாத்தியார் மின்னலுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

இத்தனை வருடம் நானும் தலையாட்டினேன். கதைதானே, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று. இப்போது அந்தக் கதை என் வீட்டு நாற்காலிக்கு வந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

இன்று ஆளில்லாமல் ஒத்திகை. காலி நாற்காலிதான். முதலில் பொறி மேலே, பக்கத்தில் என்று சீறிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒன்று வளைந்து வந்து நாற்காலியின் கைப்பிடியில் இறங்கியது. மரம் கறுத்துவிட்டது. கை வைக்கிற இடம். அவர் கை வைக்கிற இடம்!

"ஈரக் காத்து. அன்னைக்கு இப்படி இருக்காது."

காற்று இவரைக் கேட்டுக்கொண்டா வீசும்?

ஜூன் 12, வியாழன்

நூலகத்தில் கிடைத்துவிட்டது. கிடைத்தேவிட்டது.

அந்தப் படத்தின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பிலிம் காலத்தில் நானே எத்தனை எடுத்திருக்கிறேன், ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தன்னோடே சதுரங்கம் ஆடுகிற மாதிரி. ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுக்க வேண்டியதுதான். டெஸ்லா படமும் அதே வேலை. இருட்டில் பொறியைத் தனியாக எடுத்திருக்கிறார்கள், ஆளைத் தனியாக உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆளைப் படம் எடுத்தபோது பொறி ஓடவில்லை என்று தன் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். பாவம், மனுஷன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். கதை கட்டினது மற்றவர்கள்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. நிம்மதியில்தான். நாளைக்குக் காட்டினால் போதும்.

ஜூன் 13, வெள்ளி

புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். மூடிக் கொடுத்தார்.

"தெரியுமே."

தெரியுமா? எப்போதிலிருந்து?

"ரொம்ப நாளாத் தெரியும். அதனாலதான் செய்றேன். வாத்தியாரே உட்காரல. நான் உட்கார்ந்தேன்னு இருக்கட்டுமே. வாழ்க்கை பூரா அடுத்தவன் எரிச்ச மோட்டாரையே பிரிச்சுக் கட்டியாச்சு."

கதையை நம்பி ஏமாந்திருக்கிறார், உண்மையைச் சொன்னால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன் பாரு, நான்தான் ஏமாளி. உண்மை தெரிஞ்ச ஆளை என்ன சொல்லித் தடுக்கிறது?

ஜூன் 14

சாப்பாடு மட்டும் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சங்கச் செயலாளர் போஸ்டர் ஒட்டிவிட்டார். 'மின்னலுக்குள் மனிதன்.' ஸ்டுடியோ வாசலிலும் ஒன்று, என்னைக் கேட்காமலே. நாத்தனார் போனில், "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், நீதான் எடுத்துச் சொல்லணும்" என்கிறார். எல்லாருக்கும் நான்தான் கிடைத்தேன்.

மாட்டேன் என்று நான் ஒதுங்கினால் செயலாளரே வந்து சுவிட்ச் போடுவார். அந்த ஆளுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்றாவது தெரியுமா? போட்டால் என் கை, போடாவிட்டால் செயலாளர் கை.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் கடைசி ஒத்திகை. நாற்காலியைச் சரியாக வைத்தார், மேலே புத்தகம். "நீ சுவிட்சுகிட்ட நில்லு" என்றார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"விளையாடாதே. எழுந்திரு."

"ஆபத்து இல்லைன்னீங்களே. எனக்கு மட்டும் என்ன வந்துடும்? போடுங்க."

சுவிட்சுப் பக்கம் போனார். கையை வைத்தார். நான் புத்தகத்தைத் திறந்தேன், ஒரு எழுத்து தெரியவில்லை. போட்டுட்டா என்ன பண்றது? இவர் வீம்பு எனக்குத் தெரியாதா? கறுத்த இடத்தில் என் கை படாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

அவர் கையை எடுத்துவிட்டார். வந்து பக்கத்தில் கிடந்த மோட்டார் மேல் உட்கார்ந்தார்.

"கை வரல."

"எனக்கும் வராதுங்க. அதைத்தானே இத்தனை நாளாச் சொல்றேன்."

நாற்காலியை விட்டு எழுந்தேன். பிறகு டீ போட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்தது. நாற்காலி காலி. காயிலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று இவரே சுவிட்ச் போட்டார். கூட்டம் வாய் பிளந்தது. செயலாளர் முகம்தான் தொங்கிவிட்டது. அவர் சமாதானத்துக்காக ஒரு படம் செய்து கொடுத்தேன், பொறி தனி, நாற்காலியில் இவர் தனி, இரண்டையும் சேர்த்து. அடியில் அதைத் தெளிவாக எழுதியும் இருந்தேன். அவர் அந்த அடி வரியை வெட்டிவிட்டுச் சங்க வாசலில் மாட்டியிருக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு அம்மா, கையில் மிக்சி. நான் பின்பக்கமாக நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை.

"மின்னலுக்குள்ளே உட்கார்ந்தாரே, அவர் கடை இதுதானே? படம் பார்த்தோம். நீங்கதானா?"

இவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆமாம் என்று சொன்னால்தான் என்ன, சொல்லிக்கொள்ளட்டுமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"நான்தாம்மா. ஆனா உட்காரல. பயந்துட்டேன்."

அந்த அம்மா ஏமாந்துபோய் மிக்சியை நீட்டினார். இவர் வாங்கி, எத்தனை நாளாக ஓடவில்லை என்று விசாரித்தார்.