'சிரிப்பு' என்று தேடுங்கள்

என்னங்க,

நான் பல் டாக்டரிடம் போகிறேன். பதினொரு மணிக்கு உங்கள் அக்கா வருகிறார். வாசலிலேயே நிறுத்தி, "அந்தப் படம் அழிஞ்சு போச்சுக்கா" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். நேற்று போனில் நீங்கள் அப்படிச் சொன்னதும் அவர் அழுதது அடுப்படி வரை கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, காது இருக்கிறது.

நீங்களும் அக்காவும் இருக்கும் அந்தப் படம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. அக்காவோடு சண்டை போட்ட அன்று நீங்களே அதை 'மற்றவை' ஃபோல்டருக்குள் 'பழையவை', அதற்குள் 'பேச்சு நின்றவர்கள்' என்று மூன்று கதவு தாண்டிப் பூட்டிவிட்டு மறந்துவிட்டீர்கள். ஃபோல்டரில் போட்டால் ஆள் அந்த ஒரே அறையில்தான் கிடக்க வேண்டும். கீழ்வீட்டுத் தையல்காரரைப் பாருங்கள். இருப்பது ஒரே வீடு. ஆனால் அவர் வாயாடி, பாட்டுக்காரர், மாமியாருக்குப் பயந்தவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் எனக்கு அகப்படுவார். நம் படங்களுக்கும் நான் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் பல அடையாளச் சொற்களாக, டேக் போட்டு வைத்தேன். "ஊர்வம்பு புத்தி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்தாச்சா?" என்று கேட்டீர்களே, அந்தப் புத்திதான் ஒரு நொடியில் கண்டுபிடித்தது. 'சிரிப்பு' என்று தேடுங்கள். ஒரே சைக்கிளில் நீங்களும் அக்காவும் வருவீர்கள்.

சோறு மூன்று பேருக்கு வடித்திருக்கிறேன்.

பி.கு.: நான் வரும்வரை அவரை அனுப்பிவிடாதீர்கள். என்ன பேசினீர்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று: படத்தில் 'சண்டை' என்ற டேக்கும் இருக்கிறது. நடந்ததுதானே, இருக்கட்டும். அதற்கு முன்னால் 'அக்கா' என்று இருக்கிறது.