அனு எடுத்த தீயின் படம்

கடலூர்

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

நம் அனுவின் வலக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று கண் மருத்துவர் இன்று காலை என்னிடம் சொன்னார்.

சிதம்பரம் ஆய்வகத்தில், எஞ்சினுக்குள் டீசல் எரிவதை லேசரால் படமெடுக்கும் அதே வேலையில்தான் நடந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் லேசரின் பச்சை ஒளி தெரியாது. நேராகப் பாய்கிறதா என்று பார்க்கக் கழற்றியிருக்கிறாள். ஒளி உலோகத்தில் பட்டு இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது.

“அம்மாவுக்கு நியூஸ் கீஸ் அனுப்பிடாதீங்கப்பா,” என்று சிரித்தாள். “அழுவாங்க, நானே சொல்லிக்கிறேன்.”

பிறகு செல்போனை நீட்டினாள். “படம் நல்லா வந்துருக்கா, பாத்து சொல்லுங்க.”

சுவரைப் பார்த்து நீட்டினாள். நான் மறுபக்கம் நின்றிருந்தேன்.

தீ தெளிவாக விழுந்திருந்தது. சொன்னேன்.

இடக் கண்ணில் கசிந்த ரத்தம் வடிகிறதா என்று வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்வார்கள். அதற்குள் மஸ்கட்டிலிருந்து வந்துவிடு.

உன்னவன்