நைனா, உனக்குக் கொள்ளி வைத்த நாளில் நான் கியோட்டோவில் இருந்தேன்

என் ஆசை நைனாவுக்கு,

அடுத்த வாரம் உன் முதல் தெவசம். உத்திரமேரூர் வீட்டில் உன் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கட்டிலை எடுத்துவிட்டோம். செல்வி அங்கே தையல் மெஷினைப் போட்டிருக்கிறாள்.

ஜப்பானுக்குக் கிளம்பும்போது, பக்கவாதத்தில் வாய் கோணிய நிலையிலும் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு வந்து எனுக்குச் சொல்லுடா." கம்பெனிப் பயிற்சிக்குப் போகிறவன் எதைச் சுற்றிப் பார்க்கப் போகிறான் என்று சிரித்தேன். ஒரே ஒரு நாள் சுற்றிப் பார்த்தேன் நைனா. அந்த நாளை உனக்குச் சொல்லவேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பயிற்சிக்கு வந்திருந்த எங்கள் எல்லோரையும் கியோட்டோ என்ற பழைய நகரத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விடுதிக் காப்பாளர் வந்து போன் என்றார். செல்வி. "அண்ணா, நைனா போயிடுச்சி."

கம்பெனி அதிகாரி உடனே விமான டிக்கெட்டுக்கு அலைந்தார். அவருக்கும் அன்று விடுமுறை, ஆபீஸ் பூட்டியிருந்தது. இடம் கிடைத்தால் எங்கள் வழிகாட்டியின் செல்போனுக்குத்தான் தகவல் சொல்ல முடியும் என்றார். அந்த எண்ணையே செல்விக்கும் கொடுத்தேன். அப்புறம் எனக்கு வேறு வழி ஏது? அந்த போன் எங்கே போகிறதோ அங்கே நானும் போகவேண்டும். பேருந்தில் ஏறிவிட்டேன்.

வழிகாட்டி யோஷிகோ என்று ஒரு நடுவயது அம்மா. கையில் சின்ன நீலக்கொடி. அதிகாரி சொல்லியிருக்கவேண்டும், என்னைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்தார். மற்றவர்களிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். யாராவது தோளில் கைவைத்தால் அங்கேயே உடைந்துபோவேன் என்று பயம்.

பொன் தகடு போர்த்திய கோயில் ஒன்று பார்த்தோம் நைனா, குளத்து ஓரத்தில். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், என்னையும் நடுவில் நிற்கவைத்தார்கள். நான் யோஷிகோ அம்மாவின் கைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் போட்டோ இங்கே இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். எப்படிச் சிரித்தேன்?

மத்தியானம் எங்களுக்கு அவர்கள் ஊர் அங்கி உடுத்தினார்கள். இடுப்பில் பட்டையைச் சுற்றி ஒரு கிழவி முழங்காலை ஊன்றி இறுக்கினாள். அப்படியே தேநீர்ச் சடங்குக்குக் கூட்டிப்போனார்கள். தவழ்ந்துதான் நுழையமுடியும், வாசல் அவ்வளவு சின்னது. உள்ளே மண்டி போட்டு உட்காரவேண்டும், பேசக்கூடாது. ஒரு பெண்மணி துணியை மடிக்கிறார், கிண்ணத்தைத் துடைக்கிறார், மறுபடியும் மடிக்கிறார். அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு மூச்சு முட்டியது. இந்நேரம் உன்னைக் குளிப்பாட்டியிருப்பார்களா என்ற எண்ணம் மட்டும் ஓடியது.

அப்போதுதான் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. யோஷிகோ அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தால் கால் இரண்டும் மரத்துக் கிடக்கிறது. அத்தனை பேர் பார்க்க, அந்த அங்கியோடு தவழ்ந்து வெளியே வந்தேன்.

டிக்கெட் செய்தி வரவில்லை. செல்விதான் பேசினாள்.

"அண்ணா, பங்காளிப் பையன் கொள்ளி வெக்கட்டும்னு சொல்லிக்கினு கீறாங்க. ரெண்டு வருஷமா நைனாவத் தூக்கி ஒக்கார வெச்சது நானு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நான்தான் வெப்பேன். நீ சொல்லு அண்ணா, நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

அதற்குள் பெரியப்பா போனைப் பிடுங்கிவிட்டார். "பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதா? இன்னாடா இது, ஊரு சிரிக்காது?"

நைனா, நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லையே.

"பெரியப்பா, நைனாவுக்கு நானும் அவளும் ரெண்டே பேரு. நான் அங்க இல்ல. அவ கீறா. அவளே வெக்கட்டும்."

"நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆவலன்னா எங்கள வந்து கேக்காத." போன் நின்றுவிட்டது.

திரும்ப அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டார்களா, அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்களா? சாயங்காலம் டிக்கெட் தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமைதான் இடம். அந்த ஞாயிறு பொழுது சாய்வதற்குள்ளேயே இங்கே உன்னை எடுத்துவிடுவார்கள். பிறகும் நீலக்கொடியின் பின்னாலேயே நடந்தேன். கடைவீதி, மரப்பாலம், மூங்கில் விசிறி விற்கிற தெரு.

கடைசியாக ஒரு நாட்டிய அரங்கம். வரிசையின் நடுவில் எனக்கு இடம், எழ வழியில்லை. முகத்தில் வெள்ளை பூசிய பெண் மிக மெதுவாகக் கையைத் தூக்கினாள். இங்கே உன்னை எடுக்கிற நேரம் அது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி அழுதேன். பக்கத்திலிருந்தவர் நாட்டியத்தில் லயித்துவிட்டேன் என்று நினைத்து எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

பேருந்தில் திரும்பும்போது யோஷிகோ அம்மா தள்ளாடிக்கொண்டே வந்து போனை நீட்டினார்.

"வெச்சிட்டேன் அண்ணா."

"பெரியப்பா?"

"வழி பூரா திட்டிக்கினே வந்தாரு. ஆனா வந்தாரு. பானை கனமா கீதுன்னு அவருதான் கூடப் பிடிச்சாரு."

பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கே இறங்குவது, யாரிடம் சொல்வது? ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

இப்போதைய செய்தியையும் சொல்லிவிடுகிறேன் நைனா. போன மாதம் வாலாஜாபாத்திலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்துப்போய், "சுடுகாட்டுக்குப் போன பொண்ணாமே" என்று யாரோ சொன்னதும் பின்வாங்கிவிட்டார்கள். இது இரண்டாவது இடம். அன்று முழுக்க மெஷின் சத்தம் நிற்காமல் கேட்டது. அன்றைக்கு நான் போனில் சொன்ன சொல்லுக்குள் இவள் இப்படி மாட்டிக்கொண்டாளே என்று தோன்றியது. கொள்ளி வைத்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று அவளிடமே கேட்டேன். "மறுபடியும் அந்த நாள் வந்தா மறுபடியும் நான்தான் வெப்பேன். போய் உன் வேலையப் பாரு" என்றாள்.

நைனா, இதை வாக்காகவே எடுத்துக்கொள். உனக்குக் கொள்ளி வைத்ததைக் குறையாகச் சொல்கிற எந்த வீட்டுக்கும் உன் மகளை அனுப்பமாட்டேன். தெவசத்தன்று எள்ளும் தண்ணீரும் முதலில் அவள் கை விடும். அதற்குப் பின்னால்தான் என் கை. பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டிக்கொண்டிருக்கிறார். வருவார்.

இப்படிக்கு,
செல்வியின் அண்ணன்,
உன் மகன்