பதினோரு ஒன்றுகள்

இயேசு மரி சூசை துணை

தென்னூர்,
9-7-1957

பேட்ரிசியாவின் அப்பாவுக்கு செல்வமேரி எழுதுவது. இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் அண்ணன் தைரியராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை அவர் உங்கள் கட்டிலருகே இருப்பார். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஒன்றுகளை 37 வகுக்கும், ஏழு ஒன்றுகளை 239 வகுக்கும், பதினோரு ஒன்றுகளை எது வகுக்கும் என்று அப்பாவும் மகளும் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பீர்களே, அந்த 11111111111-ஐ 21649 மீதியில்லாமல் வகுக்கிறது. ஈவு 513239. பெருக்கியும் பார்த்தாயிற்று. 22-ஆல் வகுத்தால் ஒன்று மீதி வருகிற பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று, காசநோய்க்குச் சானடோரியம் போகும்முன் அவளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தீர்கள். அதில்தான் இருந்தது.

இதை அவள் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை, நம் பிள்ளை ஆண்டவரிடம் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல்தான். உங்களுக்கு நெஞ்சில் ஆபரேஷன் வைத்திருந்த நேரம். “இப்பச் சொன்னா தாங்க மாட்டாருங்க, உடம்பு தேறட்டும்” என்று உங்கள் டாக்டர் சொன்னதாக அண்ணன் வந்து சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இனிச் சொல்லலாம் என்று போன வாரம்தான் டாக்டர் எழுதினார்.

அன்றைக்கு வகுத்த எண்ணையும் மீதியையும் எழுதி அவளிடமிருந்து தினம் ஒரு கார்டு வராவிட்டால் நீங்கள் சந்தேகப்படுவீர்களே. அவள் நோட்டில் 13267-ஆல் வகுத்தது பாதியில் நின்றிருந்தது. ஐந்தாவது படித்த எனக்கு அவ்வளவு பெரிய வகுத்தல் எங்கே வரும்? அவளுடைய கணக்கு டீச்சர் ரங்கநாயகி ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வகுக்கிற எண்ணை ஒன்று முதல் ஒன்பது வரை பெருக்கி எழுதி வைத்துக்கொண்டு கழிக்கச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் பதினோரு ஒன்றுகளை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதோடுதான் மூன்று மாதம் மாரடித்தேன். அவள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மீதியை எழுதிப் போட்டேன். ‘பாப்பா எழுத்து இப்போது நன்றாகத் திருந்தியிருக்கிறது’ என்று பதில் எழுதினீர்கள். அன்று என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

நேற்று மீதி பூஜ்யம் வந்தது. கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீதி இவ்வளவு, மீதி அவ்வளவு என்று அவளாக எழுத முடிந்த எனக்கு, ‘அப்பா, கண்டுபிடிச்சிட்டேன்’ என்று எழுதக் கை வரவில்லை. அந்தச் சந்தோஷம் அவளுடையது. அதை நான் எப்படி எடுத்துக்கொள்வேன்?

ஏமாற்றிவிட்டாளே என்று கோபம் வரும். வரட்டும். ஆனால் அங்கே படுத்துக்கொண்டு கோபப்படாதீர்கள். வேளைக்கு மருந்தைச் சாப்பிடுங்கள். டாக்டர் விடுகிற அன்று வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள். நாளைக் காலையில் எழுந்தால் வகுப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. தேவமாதா உங்களையாவது எனக்கு விட்டுவைக்கட்டும்.

உங்கள்,
செல்வமேரி